ஒன்பது அலகு வித்தியாசம்

பாயகும்பு மலை நிலையத்தில் நான் ஜெனரேட்டர் பார்த்தேன், ஜீப் ஓட்டினேன், புல் வெட்டினேன். ஹென்றிசால் கருவியைப் பார்த்துக்கொண்டார். பதினாறு வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறோம். அவருடைய பொறாமையைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவள் அவர் மனைவி நெல்டா ஒருத்திதான். அவள் வெளியில் சொல்ல மாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்.

மற்ற விஷயங்களில் அவர் தங்கமான மனிதர். கருவி வந்த 2008-இலிருந்து ஒரு நாள்கூட அதைத் தூசி படிய விட்டதில்லை. கூரைமேல் காளான் குடைபோல ஒரு ஆன்டெனா, கீழே அலமாரியில் ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு ரிசீவர், அவ்வளவுதான். செல்போனுக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையை அது பிடிக்கும். முந்நூறு, நானூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தைக் கடக்கும்போது அந்தச் சமிக்ஞை கொஞ்சம் தாமதப்படும். எவ்வளவு தாமதம் என்று அளந்தால் மேலே எவ்வளவு மின்சாரம் பரவியிருக்கிறது என்று தெரியும். எங்கள் இந்தோனேசியத் தீவுகளில் பதினோரு நிலையங்கள் இப்படி அளந்து அனுப்ப, ஜப்பானில் மினோவா என்ற விஞ்ஞானியின் குழு எல்லாவற்றையும் சேர்த்து வரைபடமாக்கியது. எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் இவ்வளவு. ஹென்றிசால் சொல்லித்தான் இதுவும் தெரியும்.

எங்கள் மினாங் ஊர்களில் வீடும் வயலும் பெண்வழிச் சொத்து. கல்யாணமான ஆண் மனைவி வீட்டில் மாப்பிள்ளை; மரியாதை உண்டு, அதிகாரம் கிடையாது. ஹென்றிசால் வீட்டில் கூரைத் தகரம் மாற்றுவதைக்கூட நெல்டாவின் அண்ணன்மார் பேசி முடிவெடுத்தார்கள். அவர் சொன்னது நடக்கும் இடம் உலகத்திலேயே அந்த மலையுச்சி ஒன்றுதான். மூங்கில் வளர்ந்து வானத்தை மறைக்கிறது, வெட்டு என்பார், வெட்டுவேன். நான் அவரை அண்ணன் முறையில் உடா என்று கூப்பிடுவேன். நெல்டாவும் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவாள்.

போந்தியானாக் நிலையத்தை நடத்திய இபு ஹைரியா மட்டும் இல்லாதிருந்தால் அவர் வாழ்க்கை நிம்மதியாகப் போயிருக்கும்.

போந்தியானாக், கடலுக்கு அந்தப் பக்கம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, கலிமந்தானில் இருக்கிறது. அந்த அம்மாளை அவர் நேரில் பார்த்ததே இல்லை. பெண்களை இபு என்றும் ஆண்களை பாக் என்றும் மரியாதையாகக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். நிலையக்காரர்களுக்கென்று வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. செயற்கைக்கோள் கணக்கில் நாள் முடிவது எங்களுக்குக் காலை ஏழு மணி. ஏழு நான்குக்கு ஹைரியாவின் கோப்பு போய்ச் சேர்ந்துவிடும். எங்களுடையது ஏழு ஆறு. மலையில் இணையம் இழுத்துக்கொண்டுதான் போகும். மினோவா ஜப்பானிலிருந்து அச்சுப்பிசகாத இந்தோனேசிய மொழியில், “இபு ஹைரியாவுக்கு நன்றி. மற்ற அனைவருக்கும் நன்றி” என்று எழுதுவார்.

“நான் மற்ற அனைவரும்!” என்பார் ஹென்றிசால். “பாத்தியா அனாஸ்? பத்து வருஷம் வேலை பாத்து நான் மற்ற அனைவரும்!”

ஒருமுறை அந்த அம்மாள் போந்தியானாக்கின் பூமத்திய ரேகை நினைவுத்தூண் முன்னால், ரேகைமேல் முட்டை சாயாது என்பார்களே அப்படி, ஒரு முட்டையை நிமிர்த்தி நிறுத்திப் படம் போட்டார். குழு முழுக்க இதயங்கள். அன்று மத்தியானம் வரை இவர் என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது, “ரேகை நம்ம பக்கத்து ஊரு போன்ஜோல் வழியாவும்தான் போகுது. அது என்ன அவங்க அப்பன் வீட்டு ரேகையா?” என்றார்.

2018 ஜனவரியில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. பதினோரு நிலையங்களில் அதன் குறிப்புகளே மிக ஒழுங்காக இருப்பதால் போந்தியானாக் இனி அளவுகோல் நிலையம்; மற்றவை அதோடு ஒப்பிடப்படும். ஏப்ரல் கடைசியில் பாடாங்கில் நடக்கும் கூட்டத்தில் நிலையக்காரர்கள் சார்பில் இபு ஹைரியா பேசுவார். பாடாங் எங்கள் சொந்த மாநிலத் தலைநகரம். கலிமந்தானிலிருந்து ஒருத்தர் வந்து அங்கே பேசுவார், இவர் கீழே உட்கார்ந்து கை தட்டவேண்டும்.

அன்று அவரை வீட்டில் இறக்கிவிடப் போனேன். நெல்டா அடுப்படியில் முட்டை ரெண்டாங் என்ற மொறுமொறு பலகாரத்துக்கு மாவை மெல்லிசாகச் சுட்டுத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். இவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அந்தப் போந்தியானாக்காரி பேரு இந்த வீட்டுல ஒரு நாளைக்கு எத்தனை தடவ கேக்குது தெரியுமா உடா? அதுல பாதி என் பேரு கேட்டா நான் சந்தோஷமா செத்துப்போவேன்.”

“நான் வேலையப் பத்திப் பேசுறேன்.”

“நானும் அதத்தான் சொல்றேன். இந்தா, தின்னுங்க. வாய் வேற வேலை பாக்கட்டும்.”

மார்ச் பதினொன்றாம் தேதி போந்தியானாக்கில் இடி விழுந்து ரிசீவர் கருகியது. ஒரு மணி நேரத்தில் ஹைரியா மாற்று ரிசீவரை மாட்டி ஓடவிட்டார். குழுவில் மற்ற பத்து நிலையங்களும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டின.

ஹென்றிசாலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஞாயிறுதோறும் தன் அளவுகளை முடித்ததும் ஹைரியாவின் அந்த வாரத்து அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு குற்றம் தேடுவார். வருஷக்கணக்காகத் தேடி எதுவும் அகப்படவில்லை. மார்ச் பதினெட்டு, ஞாயிறு காலை, அகப்பட்டது.

“அனாஸ், இங்க வா.”

திரையில் இரண்டு கோடுகள். இரண்டு நிலையத்துக்கும் நடுவில், கடல்மேல், இரண்டு கருவிகளும் பார்க்கிற பொதுவான வானம் ஒரு துண்டு உண்டு.

“நீலம் நாம. சிவப்பு அவங்க. வானம் ஒண்ணு, அளவும் ஒண்ணா இருக்கணும். ஒன்பது அலகு இடிக்குது பாரு.”

“நம்ம கருவி கெட்டுப்போச்சா உடா?”

“நம்முது இல்ல.” சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “ஒவ்வொரு ரிசீவருக்குள்ளயும் அதோட சொந்தத் தாமதம் ஒண்ணு இருக்கும். அத ஒரு எண்ணா அட்டவணையில எழுதிவச்சு, கழிச்சுட்டுத்தான் வானத்தக் கணக்குப் போடணும். அந்தம்மா ரிசீவர மாத்துனாங்க. எண்ண மாத்தல. கருகிப்போனதோட எண்ணு அப்படியே நிக்குது.”

“அப்ப சொல்லிடுங்க.”

குழுவுக்கு நான்கு வரி எழுதினார். படித்துப் பார்த்தார். அழித்தார்.

“அளவுகோல் நிலையமாச்சே. அவங்களே அளந்து பாத்துக்கட்டும்,” என்றார். “மேடையில நிக்கும்போது எவனாவது கேப்பான். அப்பத் தெரியும்.”

கண்டுபிடித்ததைத் தன் குறிப்பேட்டில் மட்டும் தேதியோடு எழுதினார். தன் கருவி சம்பந்தப்பட்ட எதையும் எழுதாமல் விட அவரால் முடியாது. நானும் யாரிடமும் சொல்லவில்லை. ஜெனரேட்டர் பார்க்கிறவன் யாரிடம் போய்ச் சொல்வது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த மாதம் அவர் சந்தோஷமாக இருந்தார். மழையில் விசிலடித்துக்கொண்டு மலையேறினார். கொட்டாங்கச்சியில் காப்பி இலைக் கஷாயம் குடித்துக்கொண்டே தினமும் கோடுகளைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார். ஒன்பது. இன்றும் ஒன்பது. மினோவா ஹைரியாவுக்கு நன்றி சொன்னால்கூட, “சொல்லட்டும், சொல்லட்டும்” என்பார்.

ஏப்ரல் பதினாறாம் தேதி மினோவாவின் கடிதம் வந்தது. பாயகும்பு நிலையத்தின் அளவுகள் அளவுகோல் நிலையத்தோடு ஒத்துப்போகவில்லை. தொடர்ந்து ஒன்பது அலகு குறைவாக இருக்கின்றன. கருவி பழுது என்று சந்தேகம். எனவே மார்ச் மாதத்திலிருந்து பாயகும்பு வரைபடத்திலிருந்து தற்காலிகமாக விலக்கப்படுகிறது.

கூடவே புது வரைபடமும் வந்திருந்தது. தீவுகளின்மேல் வண்ணம் வண்ணமாக வானம். எங்கள் மலைக்கு மேல் மட்டும் வெள்ளை.

ஹென்றிசால் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “என் கருவி பழுதாம்,” என்றார். மறுபடியும், “என் கருவி.”

“இப்பவாவது சொல்லிடுங்க உடா.”

“சொன்னா, எப்பத் தெரியும்னு கேப்பாங்கடா.”

பன்னிரண்டு நாள் அப்படியே போயிற்று. அவர் கன்னம் ஒட்டிப்போனது. வரைபடம் தினமும் வந்தது, எங்கள் இடத்தில் வெள்ளையோடு.

கூட்டத்துக்கு முந்தின நாள், பாடாங் விமான நிலையத்திலிருந்து நேராக எங்கள் மலைக்கு ஒரு வண்டி வந்தது. மினோவா இறங்கினார். பின்னாலேயே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குள்ளமான ஒரு அம்மாள். கையில் பனையோலையில் சுற்றிய டுரியான் பழ மிட்டாய்.

“பாக் ஹென்றிசால்! கடைசியில பாத்துட்டேன்!” என்றார் இபு ஹைரியா. “மினோவா சான் உங்கள மொத்தமா நீக்கிடலாம்னு சொன்னாரு. நான் விடல. பாயகும்புக்காரரு எண்ணு சும்மா தப்பாகாது, ஆன்டெனாவுல ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கும், நானே போய்ப் பாக்குறேன்னு வந்துட்டேன். ஏணி எங்க?”

இவர் தடுக்குமுன் அந்த அம்மாள் ஏறிவிட்டார். ஹென்றிசால் பின்னால் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு தலை மட்டும் கூரைக்கு மேலே தெரிய நின்றேன். அந்த அம்மாள் மண்டியிட்டு ஆன்டெனாவின் குடையைச் சுற்றி ஈரத்துணியால் துடைத்தார். கேபிள் முனையைக் கழற்றிப் பார்த்தார். பறவை எச்சத்தை நகத்தால் சுரண்டினார். சாகோ மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது.

“ஒண்ணும் காணோமே,” என்றார். “எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க! எங்க ஆன்டெனா இதுல பாதி சுத்தம் இருக்காது.”

அந்த வார்த்தைக்காக இவர் பத்து வருஷம் காத்திருந்தார். அது வந்தபோது அவருடைய முகத்தைப் பார்த்தேன். பல்வலிக்காரன் முகம்போல இருந்தது.

“தப்பு இங்க இல்ல இபு,” என்றார்.

“அப்புறம்?”

“உங்க ரிசீவர். மார்ச்சுல மாத்துனீங்கல்ல. அட்டவணையில பழைய எண்ணே இருக்கு.”

அந்த அம்மாள் துணியைக் கீழே போட்டார். உதடு ஏதோ கணக்குப் போட்டது. “அட ஆண்டவனே! மறந்தே போனேன். எப்பப் பாத்தீங்க இத?”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “நேத்துதான்,” என்றார். “நேத்து ராத்திரி.”

நான் ஏணியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் பாடாங்கில் அறுபது பேர் முன்னால் இபு ஹைரியா எழுதிவந்த உரையை மடித்து வைத்துவிட்டுத் தன் தவறைச் சொன்னார். “ஏழு வாரம் இந்த வரைபடம் பொய் சொல்லியிருக்கு. காரணம் நான். ஜப்பான், பாண்டுங் தலைமை அலுவலகம், போந்தியானாக், எங்கயும் யாருக்கும் தெரியல. பாக் ஹென்றிசால் ஒரே ராத்திரியில கண்டுபிடிச்சாரு. எந்திரிங்க பாக்!”

எழுந்தார். அறுபது பேரும் கை தட்டினார்கள். மினோவா இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாப்பாட்டு நேரத்தில் ஹைரியா அவரோடு படம் எடுத்துக் குழுவில் போட்டார். மற்ற ஒன்பது நிலையங்களும் கட்டைவிரலைக் காட்டின. ஹென்றிசால் தட்டிலிருந்த மீனைப் புரட்டிப் புரட்டிப் போட்டார், ஒரு வாய் தின்னவில்லை.

ஹைரியா விமான நிலைய வண்டிக்குக் காத்திருந்தபோது ஹென்றிசால் வாசலுக்குப் போனார். நான் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“இபு, அது முந்தாநாள் இல்ல.”

“எது?”

“நான் கண்டுபிடிச்சது. மார்ச் பதினெட்டு.”

அந்த அம்மாள் விரல்விட்டு எண்ணினார். “ஆறு வாரம். ஏன் பாக்?”

“பொறாமை, இபு. வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல.”

“எம்மேலயா?” சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். “என்கிட்ட என்ன இருக்குன்னு பொறாமைப்பட்டீங்க? இந்த முழங்காலா? இத வச்சுக்கிட்டு உங்க கூரையில ஏறி எச்சம் சுரண்டினேன். பறவை எச்சம்! நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தீங்க.”

“ஆமா.”

“இதுல அறுபது பேரு முன்னாடி கை வேற தட்ட வச்சேன்.”

வண்டி வந்தது. அந்த அம்மாள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுவாரம் ஹென்றிசால் மினோவாவுக்கு எல்லாவற்றையும் எழுதி, குறிப்பேட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார். வேலை போகும் என்று பயந்தார். நெல்டாவின் அண்ணன்மாருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துவைத்தார். மினோவாவின் பதில் இரண்டு வரிதான். தினமும் எழுதிய வித்தியாசம் மிகவும் பயனுள்ளது. அதை வைத்து ஏழு வாரத்தையும் திருத்திவிட்டோம். இனி இப்படிப்பட்டதை அன்றைக்கே தெரிவியுங்கள்.

வரைபடத்தில் எங்கள் வெள்ளைக்கு வண்ணம் வந்தது. ஹைரியா இவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குழுவில் எல்லோருக்கும் பெயர் சொல்லிப் பெருநாள் வாழ்த்து சொன்னார், இவர் பெயரை விட்டுவிட்டு.

அடுத்த ஜனவரியில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானது. கடைசிப் பக்கத்தில் நிலையக்காரர்களுக்கு நன்றி, ஆங்கில அகரவரிசையில். இவர் பெயருக்கு நேர்மேலே ஹைரியா.

“எழுத்து வரிசையிலயும் முந்திட்டாங்க,” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, குழுவில் இல்லாமல் தனியாக அவர் எண்ணுக்கு ஒரு செய்தி வந்தது. ஒன்பது மாதத்தில் ஹைரியாவிடமிருந்து முதல்முறை. எனக்கும் காட்டினார்.

“பாக், உங்க நேத்து கோப்புல பன்னெண்டு நிமிஷம் காணோம். நான் அன்னன்னிக்கே சொல்லிடுவேன். சிலர மாதிரி ஆறு வாரம் வச்சிருக்க மாட்டேன்.”

அவர் படித்தார். காது சிவந்தது. ரிசீவர் அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். உண்மைதான், பன்னிரண்டு நிமிஷம் இல்லை. மின்தடையின்போது என் ஜெனரேட்டர் தாமதமாகப் பிடித்ததால் வந்த வினை. என்னை நாலு வார்த்தை திட்டினார். காரணத்தை எழுதி, மன்னிப்பும் நன்றியும் எழுதி, அழிக்காமல் அனுப்பினார்.

பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து என்னைக் கேட்டார்: “அதெப்படிடா அனாஸ், எனக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரிஞ்சுது?”