அரைஞாண் கட்டிய சாமி

வெயிலில் காய்ந்த இரும்பின் மேல் கற்பூரம் எரிந்து அடங்கும்போது ஒரு வாடை எழும். கோவில் வாடையும் இல்லை, பட்டறை வாடையும் இல்லை. நாக்கின் அடியில் ஆணியை வைத்துக்கொண்டது போன்ற ஒரு கசப்பு. கடற்கரை ஊரான போர்டிக்சனிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த எங்கள் தோட்டத்தில், என் பன்னிரண்டு வயதுவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் அந்த வாடையை இழுத்து வளர்ந்தவள் நான்.

சாமி ஓடைக்கரையில் இருந்தது. மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குச் சற்றே சாய்ந்து நின்ற உருளை இரும்பு. தலை தட்டையாக, கற்பூரம் வைக்கத் தோதாக இருக்கும். தலைக்குக் கொஞ்சம் கீழே ஒரு செம்பு வளையம் சுற்றியிருந்தது. அதைத்தான் எல்லாரும் "அரைஞாண்" என்றார்கள். தலைக்குப் பக்கத்திலேயே இடுப்பு எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஆடிப் பூசைக்கு முதல் நாள் என் அப்பா அந்த வளையத்தைப் புளி போட்டுத் தேய்ப்பார். பச்சைக் களிம்பு போய்ச் செம்பு மின்னும்வரை விரலால் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார். குலை வெட்டிக் காய்த்துப்போன அந்த விரல்கள் வேறு எதையும் அவ்வளவு பதமாகத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"பட்டாளம் போனதுக்கப்புறம் எழும்புன சாமி" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஜப்பான்காரன் காலம் முடிந்து, புதர் வெட்டிய ஒருவரின் கத்தி அதன் மேல் பட்டதாம்; மூன்று நாள் அவருக்குக் கை தூக்க முடியவில்லையாம். அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு: சாமி தலையில் அடிக்கக் கூடாது, பக்கத்தில் கத்தி தீட்டக் கூடாது, தேங்காய்கூட ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லில்தான் உடைக்க வேண்டும். இத்தனை வருடம் எங்கள் தோட்டத்தில் எல்லாரும் உயிரோடு இருந்ததற்கு அந்தக் கட்டுப்பாடுதான் காரணம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கோவில் தலைவராக இருந்தவர் ராமு மாமா, லோரி ஓட்டுபவர். அப்பாவுக்கு மச்சான் முறை. அந்த வருடம் ஆடிக்கு முன்னால் அவருக்கு ஓர் ஆசை வந்தது. பக்கத்துத் தோட்டத்துச் சாமிக்குக் கோபுரமே வந்துவிட்டது, நம் சாமி மட்டும் மொட்டைத் தலையாக நிற்கலாமா, மேலே ஒரு சூலம் வைத்தே ஆக வேண்டும் என்றார். பக்கத்து ஊரான ரெம்பாவிலிருந்து வெல்டிங் போடுகிற ஆளையும் பேசி முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை வேலை. சூலத்தை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது பூசாரியான என் அப்பா. வயதானவர்கள் கட்டுப்பாட்டை நினைவுபடுத்தியபோது மாமா சிரித்தார்.

"அடிக்கக் கூடாதுன்னுதான சொன்னாங்க. ஒட்டக் கூடாதுன்னா சொன்னாங்க?"



அந்த வெள்ளிக்கிழமைதான் நான் பள்ளி நூலகத்திலிருந்து தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத குடும்பம் எங்களுடையது. அதில் முதலாவதாகப் படித்தவள் என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு. யாருக்கும் புரியாத புத்தகமாகப் பார்த்து எடுப்பேன். அது இந்தியாவிலிருந்து வந்த ஒரு காலாட்படை டிவிஷனின் போர்க்கால வரலாறு. கெடா எல்லையில் மழையில் போரைத் தொடங்கி, ஜப்பான்காரன் சைக்கிளில் துரத்த, ஒவ்வோர் ஆற்றைக் கடந்ததும் பாலத்தை உடைத்துவிட்டு, தூங்காமல் நடந்து நடந்து தெற்கே வந்து, கடைசியில் சிங்கப்பூரில் சரணடைந்த படை. எங்கள் மாநிலமான நெகிரி செம்பிலானுக்கு ஒன்றரைப் பக்கம்தான் கிடைத்திருந்தது. சாலைகளின் பெயர் இருந்தது, ஆறுகளின் பெயர் இருந்தது. அந்த ரப்பர் மரங்களுக்கடியில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் பதுங்கிக் கிடந்தவர்களைப் பற்றி, பிறகு சயாம் ரயில்பாதை போட ஜப்பான்காரனால் பிடித்துப்போகப்பட்ட அப்பாவின் பெரிய மாமாவைப் பற்றி, ஒரு வரி இல்லை.

தரையில் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் ஒரு படம்: தாடி வைத்த சிப்பாய் ஒருவர், பீரங்கிக் குண்டு ஒன்றைப் பிள்ளையை ஏந்துவது போலக் கையில் ஏந்தி நின்றார். நான் அதைப் பார்த்துவிட்டு மேலே படிக்கப் போனேன். எனக்கு அது வெறும் குண்டு.

அப்பாவின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவே நின்றுவிட்டது. அவர் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து படம் தலைகீழாகத் தெரிந்தது.

"இவரு கையில என்னாம்மா?"

"குண்டுப்பா. பீரங்கில போடுறது."

"அதுல அரைஞாண் கட்டியிருக்கு பாரு."

அவர் பக்கம் போய்ப் புத்தகத்தைப் பார்த்தேன். கூர்முனை கீழே போயிருந்தது, தட்டையான அடிப்பாகம் மேலே வந்திருந்தது, அதற்குச் சற்றுக் கீழே வளையம். ஓடைக்கரையில் நின்று பார்ப்பது போலவே இருந்தது. கீழே இருந்த வரியை அவருக்கு வாசித்துச் சொன்னேன்: அவசரமாகக் கிளம்பியபோது தூக்கிப்போக முடியாத குண்டுகளைத் தோட்டங்களில் விட்டுவிட்டு வந்தார்கள்.

அப்பா மிச்சச் சோற்றோடு எழுந்து கை கழுவினார். வெகுநேரம் கழுவினார், விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். அடுத்த பக்கத்தை நான் அவருக்குத் திருப்பிக் காட்டவில்லை. அதில் ரப்பர் மரத்தடியில் அதே குண்டுகள் விறகு போல அடுக்கியிருந்தன.

போலீஸுக்குச் சொல்லலாம் என்றேன். அவர் தலையை ஆட்டவில்லை. "சொன்னா கோவில எடுத்துப்புடுவானுங்க. இதுதான் சாக்குன்னு லயத்தையும் எடுத்துப்புடுவானுங்க. நீ யார்கிட்டயும் பேசாத." அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது என்று என்னிடம் அவர் கேட்டுக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

சனிக்கிழமை மாலை, சூலம் வைக்கலாமா என்று சாமியிடம் பூ கேட்க வேண்டும் என்று அப்பா கூட்டத்தில் சொன்னார். ராமு மாமா கேலி செய்தார். "என்னா மச்சான், லைசென்ஸ் எடுக்கணுமா? வெல்டிங்காரனுக்குச் சொல்லியாச்சுலா." ஆனாலும் பூ கேட்பதை மறுக்க எந்தத் தலைவராலும் முடியாது. வாழையிலைத் துண்டில் ஒரு பொட்டலம் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலம் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. வயதுக்கு வராத பெண் பிள்ளைதான் எடுக்க வேண்டும். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

சாமிக்கு முன்னால் மண்டியிட்டேன். அவ்வளவு கிட்டத்தில் அதைக் கண்டு பயந்தது அன்றுதான். சூலத்தைப் பிடித்திருக்கும் அப்பாவின் கைகள், பொறி பறக்கும் கம்பி, எல்லாம் அந்த இரண்டு பச்சைப் பொட்டலங்களில் ஒன்றில் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கத்தை எடுத்தேன். மாமா பிரித்தார். செம்பருத்தி.

மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மத்தத ஓடையில போட்டுட்டு வாம்மா" என்று அப்பா என்னிடம் சொன்னார். ஓடைக்குள் இறங்கி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாரை அவிழ்த்துப் பார்த்தேன். அதிலும் செம்பருத்தி.

தன் சாமியை என் அப்பா ஏமாற்றியது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன். இதுவரை நானும் அதைப் பற்றி அவரிடம் பேசியதில்லை.

அதன்பின் மூன்று வருடம் நாங்கள் இருவரும் அந்த இரும்போடு வாழ்ந்தோம். சாமிக்குத் தனிமை வேண்டுமாம், கனவில் சொன்னதாம் என்று அப்பா சுற்றிலும் மூங்கில் வேலி போட்டார். கற்பூரம் முதலில் வேலிக்கு வெளியே வந்தது, பிறகு ஓடையின் மறுகரைக்குப் போனது. போர்டிக்சன் ராணுவ முகாமில் சுடும் பயிற்சி நடக்கும் நாட்களில், வகுப்பில் ஜன்னல் அதிரும்போதெல்லாம் நான் தோட்டம் இருக்கும் திசையைத்தான் பார்ப்பேன். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள்.

தோட்டம் விற்கப்பட்டு, எல்லாரும் வெளியேறி, மண்வாரி இயந்திரங்கள் வரப்போகிற வாரம், அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் புறப்பட்டார். புகாரை நான் எழுதினேன். எடுப்பதற்குக் கோவிலும் லயமும் இனி மிச்சமில்லை என்பதால்தான் வந்தோம் என்பதை மட்டும் எழுதவில்லை. ராணுவத்தார் வந்தார்கள். அடுத்த பக்கத்துப் படத்தைப் பற்றி அப்பா காதில் விழாமல் அவர்களிடம் சொன்னேன். கருவி வைத்துச் சுற்றிலும் தேடினார்கள், வேறு இல்லை என்றார்கள். இருந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். எங்கள் புது வீடுவரை சத்தம் கேட்டது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடிவந்தார். அப்பா குழாயடிக்குப் போய், வேட்டியோடு உட்கார்ந்து, சாவு கேட்டவர் போலத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

இப்போது நான் ஆசிரியை. போர்டிக்சனுக்குப் பக்கத்தில் சி ரூசாவில் எங்கள் வீடு. அப்பா என்னோடு இருக்கிறார். செம்பனை இல்லை, ஓடையைக் குழாய்க்குள் அடைத்துவிட்டார்கள், லயம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். போன மாதம் காரில் அந்த வழியாகப் போனோம். ஒரு வீட்டுக்காரர் முன்வாசலில் மரம் நட மண்வெட்டியால் குழி வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"அந்தப் புஸ்தகத்துப் படங்கள்ல குண்டு ஒண்ணுதானம்மா இருந்துச்சு?"

"ஒண்ணுதாம்பா" என்றேன்.

அவர் தலையாட்டினார். மண்வெட்டி மண்ணில் இறங்குகிற சத்தம் ஏற்றிய கண்ணாடியையும் தாண்டிக் கேட்டது. நான் காரைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினேன்.