ஆமை ஏறிய கட்டில்

என் தம்பிக்கு வீட்டில் ஆமை என்று பெயர். வைத்தவள் நான்தான். சட்டைக்குப் பட்டன் போடவே அரை நாள் எடுத்துக்கொள்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் வேலை. மேலே போக அவசரப்படுகிறவர்களை எல்லாம் கீழே நிறுத்திவிட்டு, ஒவ்வொரு திருகாக முடுக்கிக்கொண்டிருப்பான். முடித்த பிறகும் யாரையும் விடமாட்டான். முதலில் தான் மட்டும் ஏறி, மேலே போய், கீழே வந்து, கதவைத் திறந்து, "இப்ப வாங்க" என்பான். அது அவர்கள் தொழிலில் பழக்கமாம். எனக்கென்னவோ ஓசியில் ஒரு சவாரி என்றுதான் தோன்றும்.

ஆமைக்கும் அவன் பொண்டாட்டிக்கும் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து ஓய்ந்தபின் தத்தெடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். காப்பகத்தில் மூன்று வயதில் ஒரு பெண் இருந்தாள். பார்த்த அன்றே இரண்டு பேரும் அவள்மேல் உயிரை வைத்துவிட்டார்கள். ஆனால் வீட்டைப் பார்க்க ஓர் அதிகாரியம்மா வருவார். அவர் சரி என்று சொன்னால்தான் அவள் வருவாள். இல்லாவிட்டால் இல்லை.

வீட்டில் காலியாக இருந்தது பின்னறை ஒன்றுதான். காலி என்றா சொன்னேன்? உடைந்த ஃபேன், ஓடாத தையல் மெஷின், யார் வீட்டுடையது என்றே தெரியாத ஒரு சைக்கிள் டயர். அத்தனையும் வெளியே போயின. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். தம்பி பொண்டாட்டி மருந்துக் கடை வேலை முடிந்து வந்து திரைச்சீலை தைத்தாள். எல்லாம் ஜரூராகத்தான் நடந்தது, கட்டில் வரும்வரை.

இரண்டு பக்கமும் மரக் கிராதி வைத்த சின்னக் கட்டில் ஒன்றைப் பழைய சாமான் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தான். காபிப்பொடி நிறப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டா, புதுசா ஒண்ணு வாங்கினா குறைஞ்சா போயிடுவ?"

"மரம் நல்ல மரம்க்கா. மேலதான் அசிங்கமா இருக்கு."

"அப்ப மேலயே நல்லா ஒரு கோட் அடிச்சு மூடு. வேலை முடிஞ்சுது."

"எந்தக் காலத்து பெயிண்ட்டோ. பொண்ணு வாய வெச்சு கடிச்சிட்டா?"

சுரண்ட ஆரம்பித்தான். தூசி பறக்கக் கூடாது என்று தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தான். காபிப்பொடிக்கு அடியில் பச்சை. பச்சைக்கு அடியில் ரோஸ். நானாக இருந்தால் கட்டிலைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். இவன் என்னவோ, "எத்தனை புள்ளைங்க படுத்து வளந்துச்சோ" என்று சிரித்துக்கொண்டான். ஒவ்வொரு கிராதிக் குச்சியையும் தேய்த்து முடித்ததும் கன்னத்தில் வைத்து உரசிப் பார்ப்பான். எங்கேயாவது நெருடினால் மறுபடி முதலிலிருந்து.

"அந்தம்மா வர்றப்ப கட்டில் மிஞ்சுமா, இல்ல பல்லு குத்துற குச்சிதான் மிஞ்சுமா?" என்று கேட்டேன். அவன் அடுத்த குச்சிக்குப் போய்விட்டான்.

அவர் வருவதாகச் சொன்ன நாளும் வந்தது. குழந்தைகள் சாமானுக்கு என்று கேட்டு வாங்கிய வார்னிஷ் நன்றாகக் காய்ந்து, கட்டில் தேன் நிறத்தில் இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எனக்கே ஆசையாக இருந்தது. நானும் தம்பி பொண்டாட்டியும் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே அதிகாரியம்மா வந்து நின்றுவிட்டார், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. சிரிப்புக்கும் அந்த முகத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

"குழந்தை ரூம் எது?"

கதவைத் திறந்தால் கட்டிலுக்குள் ஆமை. முட்டி தாடையில் இடிக்க, இரண்டு கிராதிக்கும் நடுவில் இடுப்பு மாட்டிக்கொண்டு, மல்லாந்து கிடந்தான். தம்பி பொண்டாட்டி என் கையைப் பிடித்தாள். போச்சு, எல்லாம் போச்சு, இந்தப் பைத்தியக்காரனை நம்பி யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்?

"என்ன சார் பண்றீங்க?"

"வணக்கம் மேடம். லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் நான். எதைச் சரி பண்ணாலும் முதல்ல நாங்கதான் ஏறிப் பாப்போம். அப்புறம்தான் மத்தவங்கள ஏத்துவோம்."

அவர் கிட்டே போய்க் கிராதியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். கட்டில் அசையவில்லை. ஆமைதான் நடுங்கினான். குச்சியை விரலால் தடவினார், குனிந்து முகர்ந்தார்.

"பழைய பெயிண்ட்?"

"மொத்தமும் எடுத்தாச்சு மேடம்."

"சரி, எந்திரிங்க."

"மாட்டிக்கிச்சு மேடம்."

ஒரு கையை நானும் மறு கையை அதிகாரியம்மாவும் பிடித்து இழுத்தோம். அவன் விடுபட்டு வந்த வேகத்தில் மூன்று பேரும் சுவரில் போய் மோதினோம். அப்போதுதான் அந்த அம்மாவுக்குப் பல் இருப்பதே தெரிந்தது.

மற்ற அறைகளையும் பார்த்து முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டே தம்பி பொண்டாட்டியிடம் சொன்னார். "பின்னாடி ஜன்னலுக்குக் கம்பி போட்டுடுங்கம்மா. அவளுக்குப் புது இடம்னா ஒட்ட நாளாகும். அவசரப்படுத்தாதீங்க."

அவசரப்படுத்துவதா! ஆமையா! எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அப்பாடா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி பொண்டாட்டி என் மடியில் முகத்தை வைத்து, "வர்றா அண்ணி, வர்றா" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள்.

குழந்தை வந்த அன்று அவள் பின்னறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கையிலிருந்த துணிப் பையைக் கீழே வைக்க மாட்டேன் என்றாள். தம்பி பொண்டாட்டி பொம்மையைக் காட்டினாள். நான், "அத்தைகிட்ட வாடா செல்லம்" என்று குழைந்து பார்த்தேன். ம்ஹூம்.

ஆமை போய்க் கட்டிலில் ஏறினான். முட்டியைத் தாடைவரை மடக்கிப் படுத்துக்கொண்டு, "இப்ப வா" என்றான்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பையைக் கீழே வைத்தாள். கால்மாட்டைப் பிடித்து ஏறி, அவன் தோளுக்குப் பக்கத்தில் வந்து, "தள்ளிப் படு" என்றாள்.

தள்ள அங்கே ஏது இடம்? என் தம்பி அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் மடங்கினான்.