ஸ்வர்ணாவுக்குக் கிடைத்தது

பென்ரோஸ் புறநகரில் ஜன்னல் திரைகள் தைத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையை வியட்நாமுக்கு மாற்றினார்கள். அங்கே தைத்துக் கப்பலில் கொண்டுவந்தால் மலிவாம். பக்கத்துப் பக்கத்து மெஷின்களில் இருந்த உஷாவுக்கும் ஸ்வர்ணாவுக்கும் ஒரே நாளில் வேலை போனது. இருவரும் கார் பார்க்கில் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

உஷா யாழ்ப்பாணத்துக்காரி. அதே நகரத்தில் லின்ஃபீல்டில் வீடு. கணவர் ஏரம்பமூர்த்தி பஸ் ஓட்டுகிறார். ஸ்வர்ணா திருநெல்வேலியிலிருந்து வந்தவள், உஷாவை விடச் சின்னவள். அவள் கணவன் கதிர், மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு எப்போதோ சிட்னிக்குப் போய்விட்டான். அவளைப் பார்க்கும்போதெல்லாம் உஷாவுக்குப் பாவமாக இருக்கும்.

அரசு உதவி கேட்டு இருவரும் சேர்ந்தே போனார்கள். கணவருக்கு என்ன சம்பளம் என்று உஷாவிடம் கேட்டார்கள். சொன்னாள். அந்தச் சம்பளம் இருக்கும்வரை உங்களுக்கு உதவித்தொகை கிடையாது என்று அதிகாரி மரியாதையாகவே விளக்கினாள். ஸ்வர்ணாவுக்குக் கிடைத்தது.

"போனது என்ர வேலை. கேக்கிறது உங்கட சம்பளத்தை" என்று உஷா வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினாள்.

"நான் இருக்கிறன்தானே, ஏன் கவலைப்படுறீர்?" என்றார் ஏரம்பமூர்த்தி.

ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது முகத்தில் அடித்தது போல இருந்தது.

உதவித்தொகையோடு, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் பயிற்சியும் ஸ்வர்ணாவுக்குக் கிடைத்தது. ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்டு வண்டியில் உட்கார்ந்தபடி படம் எடுத்து அனுப்பினாள். உஷா பதிலுக்கு ஒரு இதயக் குறி அனுப்பிவிட்டு, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். தான் ஏரம்பமூர்த்தியின் மனைவி, அவ்வளவுதான். ஸ்வர்ணா மட்டும் தன் பெயரில் ஒரு ஆள். புருஷன் இல்லாதது கூட ஒரு அதிர்ஷ்டமா என்று நினைத்தாள். நினைத்ததும் கூசியது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

ஜனவரியில் கதிர் மகளைப் பார்க்க வந்து, நண்பன் வீட்டில் தங்கினான். அது உஷாவுக்குத் தெரியும். ஆனால் மளிகைக் கடையில் சரோஜாதேவி என்ற பழக்கமான பெண் ஸ்வர்ணாவைப் பற்றி விசாரித்தபோது, "அவவுக்கு என்ன குறை? மனுசனும் வந்து நிக்கிறார், காசும் வருது" என்று உஷா சொல்லிவிட்டாள்.

பேச்சு எங்கெங்கோ போயிற்று. சில வாரங்களில் ஸ்வர்ணா உஷாவின் வீட்டு வாசலில் அழுதுகொண்டு நின்றாள்.

"கதிர் என்கூடதான் இருக்கார்னு யாரோ போட்டுக்கொடுத்திருக்காங்கக்கா. விசாரிக்கிறாங்க. உண்மைன்னு நம்பிட்டா காசை நிறுத்திடுவாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்றீங்களா? என்னைப் பத்தி உங்களுக்குத்தானே தெரியும்."

உஷா அவளோடு அந்த அலுவலகத்துக்குப் போனாள். கதிர் அவளோடு வாழவில்லை என்று உள்ளதைச் சொன்னாள். அதிகாரி கேட்டுக்கொண்டு, உதவித்தொகை தொடரும் என்றாள். பிறகு ஸ்வர்ணாவிடம் திரும்பி, லைசன்ஸ் டெஸ்ட் எப்படிப் போனது என்று கேட்டாள். இருவரும் சிரித்தார்கள். அப்போதும் உஷாவுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல்தான் அவளைப் பயமுறுத்தியது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது உஷா சொன்னாள். "உம்மட மனுசன் வந்து நிக்கிறார் எண்டு கடையில கதைச்சது நான்தான். பொறாமையில சொல்லிப்போட்டன்."

ஸ்வர்ணா அவள் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட பொறாமைப்பட என்னக்கா இருக்கு? புருஷன் விட்டுட்டுப் போனதா?"

"ஓம்" என்றாள் உஷா. "அதுவும்தான்."

பஸ் வந்தது. ஸ்வர்ணா ஏறி முன்னால் தனியாக உட்கார்ந்தாள்.

இப்போது ஸ்வர்ணா பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். உஷாவுக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்ததும் ஸ்வர்ணாவை ஃபோனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கோயிலில் கண்டால் ஸ்வர்ணா தலையசைக்கிறாள், நின்று பேசுவதில்லை. அவளோடு சிரித்துப் பேசுகிற பெண்களை உஷா தூணருகில் நின்று பார்க்கிறாள். இப்போது அவர்கள்மேல் பொறாமையாக இருக்கிறது.