வண்டி நல்லா ஓட்டுவானுங்க

கல்யாணமான புதிதில் நான் பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம் என் அப்பா சொன்ன ஒரே ஒரு வாக்கியம். அதில் பொய் இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பொய்யே இல்லை. அதுதான் இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

எழுபதுகள் முடியப்போகிற சமயம். எங்கள் தோட்டம் ராசிபுரத்துக்கு மேற்கே நாலு மைல் உள்ளே. கடலை, சோளம், கிணற்றுப் பாசனம், இரண்டு ஜோடி மாடு. பெண் வீட்டார் திருச்செங்கோட்டுப் பக்கம், லாரிக் குடும்பம். சம்பந்தம் பேசி முடிக்க வந்த அன்று, பெண்ணின் அப்பா வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து காப்பியைக் குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாப்பிள்ளை வண்டி ஓட்டுவாருங்களா?"

"வண்டி நல்லா ஓட்டுவானுங்க. இந்தச் சுத்துப்பட்டுல அவனை மாதிரி ஓட்டறதுக்கு ஆளில்லீங்க" என்றார் அப்பா.

எங்கள் ஊரில் பஸ் என்றால் பஸ், லாரி என்றால் லாரி. வெறுமனே வண்டி என்றால் இரண்டு மாடு பூட்டியதுதான். அதை நான் ஓட்டுவேன். தேர்த் திருவிழாக் கூட்டத்தில்கூட ஓட்டுவேன். அவர்கள் ஊரில் வண்டி என்றால் டீசலோ பெட்ரோலோ ஊற்றினால் நகர்வது. அவர் கேட்டது ஒன்று, அப்பா சொன்னது ஒன்று. இரண்டு பேரும் திருப்தியாக வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.

வைகாசியில் கல்யாணம். பண்டம் பாத்திரத்தோடு அவர்கள் லாரியிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளையும் இறக்கினார்கள். மாப்பிள்ளைக்குச் சீராம். கறுப்பு நிறம், பெட்ரோல் டேங்கில் மெல்லிய தங்கக் கோடு, வளர்ந்த கிடாரியின் கனம். புத்தம் புதிதல்ல, மூன்று வருஷம் ஓடியது, ஆனால் பளபளவென்று இருந்தது. மச்சான் வைத்திருந்தது என்று சொன்னார்கள். நான் அதைச் சுற்றி வந்து பார்த்தேன். எந்தப் பக்கம் ஏறுவதென்றுகூடத் தெரியவில்லை.

கிளம்புகிறபோது மாமனார் சொல்லிவிட்டுப் போனார்: "ஆடி ஒண்ணுக்கு ரெண்டு பேரும் வண்டிலயே வந்துருங்க. ஊரே பாக்கட்டும்."

அப்பா தலையை ஆட்டி வைத்தார். அன்று சாயங்காலம் என்னைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப்போய், "என்னடா பண்றது?" என்றார்.

"தெரியாதுன்னு சொல்லிறலாமுங்க."

"பொண்ணெடுக்கறதுக்குப் பொய் சொன்னான்னு எம்பேர்ல வரோணுமா? இத்தனை வயசுக்கு ஒருத்தன் என்னைய அப்பிடிச் சொன்னதில்ல. ஆடிக்குள்ள பழகிக்க."

தப்பாகப் புரிந்துகொண்டது அவர்கள். தப்பாகப் புரியும்படி சொன்னது இவர். பழக வேண்டியது மட்டும் நான். அப்பாவின் சொல்லைக் காப்பாற்ற எனக்கு ஆனி மாதம் முழுசாகவும் வைகாசியில் மிச்சமும் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வண்டியைக் களத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். தள்ளினதிலேயே சட்டை நனைந்துவிட்டது. கிக்கரை மிதித்தேன். புஸ் என்றது. மறுபடி மிதித்தேன். மறுபடி புஸ். முப்பது தடவை மிதித்தபின் எனக்குத்தான் எஞ்சின் சூடாகியிருந்தது. களத்தின் ஓரத்தில் என் மனைவி கடலைக்காயைக் காயப் பரப்பிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்:

"ஏனுங்க, இடது கைப்பக்கம் சின்ன லீவர் ஒண்ணு இருக்குதுங்க. அதைப் புடிச்சுட்டு, முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் கிக்கரை மெதுவா அமுக்குங்க. அப்பறம் லீவரை உட்டுட்டு ஒரே மிதியா மிதிங்க."

விளக்குக்கு மேலே கடிகாரம் மாதிரி ஒன்று இருந்தது. நான் அது நேரம் காட்டுவது என்று நினைத்திருந்தேன். முள் நடுவுக்கு வந்தது. மிதித்தேன். வண்டி டப் டப் டப் என்று பேச ஆரம்பித்துவிட்டது. கட்டுத்தறியில் மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றன.

"உனக்கெப்படித் தெரியும்?"

"அண்ணன் ஓட்டறப்பப் பாத்திருக்கனுங்க" என்றாள், கடலைக்காயைப் பார்த்துக்கொண்டே.

அதிலிருந்து தினமும் இதே கூத்து. அந்த வண்டியைச் செய்தவனுக்கு என் மேல் என்ன கோபமோ, வலது காலில் கியரை வைத்திருந்தான், இடது காலில் பிரேக்கை வைத்திருந்தான். கியர் மேலே ஒன்று, கீழே மூன்று. நான் நிறுத்த நினைத்து கியரை மிதிப்பேன். வண்டி குலுங்கி அணையும். கியர் மாற்ற நினைத்து பிரேக்கை மிதிப்பேன். டேங்க் வயிற்றில் இடிக்கும். களத்து ஓரத்தில் எப்போதும் அவளுக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது. கடலைக்காய் காயாத நாளில் மிளகாய் காய்ந்தது. மிளகாய் இல்லாத நாளில் காலி முறத்தைப் புடைத்தாள். அங்கிருந்தபடி, "கிளட்ச்சுங்க", "கிளட்ச்சை மெதுவா உடுங்க", "ஏனுங்க, ஆக்சிலேட்டர்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு 'ங்க'வும் எனக்கு முதுகில் விழுந்த அடி மாதிரி இருக்கும். கட்டிக்கொண்டு வந்து இரண்டு வாரம் ஆன பெண் இப்படிச் சொல்லிக்கொடுத்தால் எந்த ஆம்பிளைக்குத்தான் கோபம் வராது? எனக்கு வந்தது. இரண்டு மூன்று தடவை கத்தியும் இருக்கிறேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் அங்கிருந்து சொல்வாள்.

ஆனி பாதியில் நடந்தது மறக்காது. அன்றைக்கு இரண்டாவது கியர் வரை போய்விட்டேன். களம் முடிகிற இடத்தில் சோளத்தட்டுப் போர். நிறுத்த வேண்டும். பத்து வயதிலிருந்து என் கை ஒன்றைத்தான் கற்றிருந்தது: நிறுத்த வேண்டுமென்றால் கயிற்றைப் பின்னால் இழு. "ஹோ! ஹோ!" என்று கத்திக்கொண்டே ஹேண்டில்பாரைப் பலம் கொண்ட மட்டும் என் பக்கம் இழுத்தேன். இழுக்க இழுக்க வலது மணிக்கட்டு கீழே திரும்பியது. திரும்பத் திரும்ப ஆக்சிலேட்டர் முறுகியது. நான் 'ஹோ' சொல்லச் சொல்ல வண்டி வேகமெடுத்தது. போருக்குள் நானும் வண்டியும் முழுசாகப் புகுந்துவிட்டோம்.

அவள் ஓடி வந்தாள். நேராக வண்டியிடம் போனாள். பெட்ரோலை மூடினாள், ஹேண்டிலை நிமிர்த்தினாள், டேங்கில் விழுந்த நசுங்கலை விரலால் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அதற்கப்புறம்தான், "உங்களுக்கு அடி பட்டுச்சுங்களா?" என்றாள்.

சீராக வந்த பொருளுக்கு இவ்வளவு கவலையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினம் காலையில் அவள் அந்த வண்டியைப் பழைய துணியால் துடைப்பாள். புருஷனுடைய வண்டி என்று அத்தனை பிரியம் போல என்று அதுவரை நினைத்துப் பூரித்துப் போயிருந்தேன். மடையன்.

ஆடி ஒன்று வந்துவிட்டது. எங்கள் பக்கம் அது தேங்காய் சுடுகிற நோம்பி. தேங்காயைக் கண் திறந்து, பொட்டுக்கடலையும் வெல்லமும் போட்டு, அழிஞ்சிக் குச்சியில் செருகித் தீயில் சுடுவோம். தேங்காயும் குச்சியும் போட்ட பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினாள். அப்பா தட்டிப் படலைத் திறந்துவிட்டுப் பெருமையாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு, போகிற வழியில் செத்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டே சாக வேண்டும் போலிருந்தது.

ஆட்டையாம்பட்டி வரை போய்விட்டேன். மாமியாருக்கு முறுக்கு வாங்க நிறுத்தினதுதான் தப்பு. மறுபடி கிளப்பும்போது கடைத்தெருவில் நாலு பேர் பார்க்கிறார்களே என்ற அவசரத்தில் முள்ளைப் பார்க்காமல் மிதித்துவிட்டேன். கிக்கர் திருப்பி அடித்தது. வலது கணுக்காலில் சம்மட்டி விழுந்த மாதிரி இருந்தது. ஒரு ஃபர்லாங்கு தள்ளிக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். கால் பூசணிக்காயாகிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸுல போயிறலாம். வண்டியை இங்க யாரூட்லயாவது உட்டுறலாம்" என்றேன்.

"அங்க மாமா பேருக்கு என்னாகுமுங்க?"

மாமா என்றது என் அப்பாவை. அவள் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பையை என் கையில் கொடுத்தாள். புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகினாள். லீவரைப் பிடித்தாள், அமுக்கினாள், விட்டாள், மிதித்தாள். ஒரே மிதி.

"ஏறுங்க" என்றாள்.

தேங்காய்ப் பையைக் கட்டிக்கொண்டு ஏறினேன். கியர் மாறுவதே தெரியவில்லை. பள்ளத்தில் இறக்கி ஏற்றினபோது பையில் தேங்காய்கூட ஒன்றோடொன்று முட்டவில்லை. எதிரே வந்த லாரிக்காரன் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். நான் பையில் முகத்தை மறைத்துக்கொண்டேன். அண்ணன் ஓட்டும்போது பார்த்தாளாம்! பார்த்தே இப்படி வருமென்றால் நான் ஏன் இரண்டு மாதம் நாறினேன்?

அவர்கள் ஊர் எல்லையில் நிறுத்தி இறங்கினாள். "ஃபர்ஸ்ட் கியரை நான் போட்டு உடறனுங்க. நீங்க கிளட்ச்சை மட்டும் மெதுவா உட்டு ஓட்டிட்டுப் போங்க. வலது காலுக்கு வேலையே வராது."

முதல் கியரிலேயே வண்டி அலறிக்கொண்டு மாமனார் வீட்டு வாசலுக்குப் போனது. பிரேக் இடது காலில் இருந்ததற்கு முதல் தடவையாக நன்றி சொன்னேன். மாமனார் என் காலைப் பார்த்தார். பிறகு மகளின் புடவைக் கரையில் ஒட்டியிருந்த ஆயில் கறையைப் பார்த்தார். அவளிடம்தான் கேட்டார்:

"கிக்கர் திருப்பி அடிச்சுருச்சா, சாமி?"

"அவருக்குங்கப்பா."

சாப்பாடு முடிந்து, காலில் பற்றுப் போட்டுக்கொண்டு கிடந்தபோது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று, "அன்னிக்கு எங்கப்பா சொன்னது மாட்டு வண்டியைங்க. பொய் சொல்லலீங்க" என்றேன்.

"அது தெரியாதுங்களா மாப்பிள்ளை? வாசல்ல மாட்டு வண்டிதானே நின்னுது" என்றார்.

"அப்பறம் எதுக்குங்க மோட்டார் சைக்கிள் குடுத்தீங்க?"

அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது அவளோடதுங்க. எம்மகன் லாரியை உட்டு இறங்க மாட்டான். மூணு வருசமா லாரி நிறுத்தற செட்டுக்குள்ள அவதான் ஓட்டுனா. பொண்ணுக்கு மோட்டார் சைக்கிள்னு அனுப்புனா ஊர் என்ன பேசும்? மாப்பிள்ளைக்குன்னு அனுப்புனேன். ஓட்டத் தெரிஞ்ச மாப்பிள்ளையா இருந்தா அவ கைக்கு அது திரும்ப வருமுங்களா?"

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதம். தன் வண்டியை ஒருத்தன் மிதித்து, உதைத்து, போருக்குள் விட்டு நசுக்குவதை, காலி முறத்தைப் புடைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள். நான் அவளிடம் கத்தினது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாமே என்று அவள் மேல் கோபப்படப் பார்த்தேன். யாரிடம் சொல்லியிருப்பாள்? கிளட்ச் என்று சொன்னதற்கே கத்தினவனிடமா?

வழக்கப்படி ஆடி முழுக்க அவள் தாய் வீட்டில் இருந்துவிட்டாள். வண்டியும் இருந்தது. நான் கால் சுளுக்கைக் காரணம் காட்டி பஸ்ஸில் ஊர் திரும்பினேன். ஆவணி பிறந்ததும் போய் இரண்டு பேருமாகக் கிளம்பினோம். அவள் ஓட்டினாள். வழியெல்லாம் ஒன்றை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்: வாசலில் அப்பாவிடம், "ஓட்டுறது அவளுங்க, வண்டியும் அவளுதுங்க" என்று சொல்லிவிட வேண்டும். அப்பா சொன்னது மாட்டு வண்டி என்று மாமனாருக்கு முதலிலேயே தெரிந்திருந்ததே, இனிமேல் காப்பாற்ற என்ன இருக்கிறது?

எங்கள் ஊர் எல்லைக் கல்லில் நான் கேட்காமலே அவள் வண்டியை நிறுத்தினாள். இறங்கி, புடவையை உதறி ஆயில் கறை உள்ளே போகும்படி மடித்துச் செருகினாள். ஹேண்டிலை என்னிடம் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டேன்.

அப்பா படலைத் திறந்துகொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "நாந்தான் சொன்னனே, வண்டி நல்லா ஓட்டுவான்னு" என்று அம்மாவிடம் சொன்னார். என் மனைவி வழியில் வாங்கின முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அத்தனை நாளும் அப்பா மேல், மாமனார் மேல், வண்டி மேல், அதைச் செய்தவன் மேல் என்று எரிந்து விழுந்துகொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் சரியான ஆள் மேல் எரிச்சல் பட்டேன்.

அந்த வண்டி பதினோரு வருஷம் எங்களிடம் இருந்தது. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் அவள் ஓட்டினாள், இந்தப் பக்கம் நான் ஓட்டினேன். ஒரு நாளும் அவள் கேட்டதில்லை. ஒரு நாளும் நான், "இறங்காதே, அப்படியே வீட்டுக்கு விடு" என்று சொன்னதில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாயா என்று கேட்டால், கல்லிலிருந்து வீடு வரைக்கும் கற்றுக்கொண்டேன். ஒரு ஃபர்லாங்கு இருக்கும்.