வேருக்கு எட்டாத எண்ணெய்

ஆரணியில் தேங்காய் எண்ணெய் மார்கழியில் பத்து நாள் உறையும். பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஆடி மாதத்திலேயே கல்லாகக் கிடக்கிறது. வந்த புதிதில் பாட்டிலைக் கவிழ்த்தேன், தட்டினேன், கடைசியில் துடைப்பக் குச்சியை விட்டுக் குடைந்தேன். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா பார்த்துச் சிரித்துவிட்டு, பாட்டிலை வெந்நீர்ச் சொம்பில் நிறுத்திக் காட்டினார். அவர் கன்னடக்காரர். இந்த ஊரில் எண்ணெயைக்கூடக் கெஞ்சித்தான் இளக வைக்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து காய்ச்சி, அம்மா உச்சியில் சூடு பறக்கத் தேய்ப்பாள். என் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கும். அழகி என்று என்னை ஒருவரும் சொன்னதில்லை. முடிக்காரி என்று தெருவே சொல்லும். இங்கே எனக்கு வேலை ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில். வெள்ளைத் துணியில் எண்ணெய்க் கறை பட்டால் அது கழிவு, திட்டு நமக்கு. அதனால் எண்ணெய் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. மூன்றாம் வருஷம் உச்சியில் அரிப்பும் எரிச்சலும் தொடங்கி, முடி கொத்துக் கொத்தாக வந்தது. போனில் சொன்னேன். "ஞாயித்துக்கெழம எண்ணெ வெச்சா கொட்டாம இன்னா பண்ணும்?" என்றாள் அம்மா. வீட்டுக்காரம்மாவோ, "நீரு சரி இல்லம்மா, போர்வெல் நீரு" என்றார். எனக்கு இரண்டுமே பிடித்திருந்தன. ஊர் மாறி வந்தவர்களுக்கு எந்தக் கேட்டுக்கும் காரணம் தேட வேண்டியதில்லை, ஊர் மாறியதே போதும். கேன் தண்ணீர் வாங்கித் தலைக்கு ஊற்றினேன். அம்மா அனுப்பிய எண்ணெயை இரண்டு மடங்காக வைத்தேன். இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினேன். மடத்தனம்.

அடுகோடியில் தோல் டாக்டரிடம் போனபோது உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வழுவழுவென்று இருந்தது. டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். தேங்காய் எண்ணெய் முடிக்குள் கொஞ்சம் இறங்கும். அலசும்போதும் சீவும்போதும் அறுந்துபோகாமல் காக்கும். விளக்கெண்ணெய் மேலே படிந்து பளபளப்புக் கொடுக்கும். என் தலையில் நடந்தது வேறு. தோலுக்குள் அழற்சி வந்து, வேர்க்கால்கள் தழும்பாகி மூடிவிட்டன. "எண்ணெ இருக்கற முடிக்குத்தாம்மா. வேரே இல்லாத எடத்துல எவ்ளோ வெச்சாலும் பரல்லம்மா, வராது. மொதல்லயே வந்திருந்தா நிறுத்தியிருக்கலாம்" என்றார். மாத்திரை மேலும் பரவாமல் தடுக்கலாம், போனது போனதுதான். தண்ணீர் காரணமில்லை, கிழமை காரணமில்லை. பெங்களூரும் காரணமில்லை என்பது ஏனோ எனக்குக் கூடுதலாக வலித்தது.

எனக்குக் கைகூடாத கல்யாணம் தங்கைக்குக் கூடிவந்தது. நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம் முன்பு, இருக்கிற முடியை உச்சியில் தூக்கி வாரி மறைத்துக்கொண்டு ஆரணிக்குப் போனேன். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு என்னை உட்காரவைத்துப் பின்னலை அவிழ்த்தாள். உச்சிக்கு வந்த கை நின்றது. பிறகு அந்த மொட்டை இடத்திலேயே எண்ணெயை வைத்து வெகுநேரம் மெல்லத் தேய்த்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "அவங்களுக்கு இன்னா தெரியும், வந்துடும்" என்றாள். கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, "நிச்சயத்துக்கு ஒனக்கு லீவு கெடைக்கலன்னு சொல்லிடட்டா?" என்று கேட்டாள். "மாப்ள வூட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் பூ வெக்க வருவாங்க. பாத்தா, தங்கச்சிக்கும் இப்டி ஆவுமான்னு கேப்பாங்க." சொல்லிக்கொண்டே என் நெற்றியில் வழிந்த எண்ணெயை முந்தானையால் துடைத்தாள். சரிம்மா என்றேன். அவளை வெறுக்கவும் முடியவில்லை.

ஆனால் கம்பெனியில் லீவு முன்பே கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரம்மாவிடமும் தங்கை நிச்சயத்துக்குப் போகிறேன் என்று பெருமையாகச் சொல்லிவைத்திருந்தேன். ஏன் போகவில்லை என்று அவர் கேட்டுவிடக் கூடாது. நிச்சயத்தன்று காலை ஆரணியில் பெண்கள் வரிசைத் தட்டு எடுத்த வேளையில், நான் பொம்மனஹள்ளி அறையில் உள்ளே தாழ் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு நான் கம்பெனியில் இருந்தேன். கம்பெனிக்கும் கீழ்வீட்டுக்கும் நான் ஊரில் இருந்தேன். சத்தம் கேட்டுவிடும் என்று குழாயைக்கூடத் திறக்கவில்லை.