சோபாவைக் கவிழ்த்த பாஸ்

நத்தார்ப் பண்டிகைக்கு முன் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுச் சோபாவுக்குப் புதுத் துணி போட ஆசைப்பட்டேன். ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் நாள் முழுக்க அதில்தான் சாய்ந்திருப்பாள்.

குஷன் வேலை செய்யும் தொழிலாளி அந்தோனி பாஸை அழைத்தேன். மனிதர் துணியைப் பார்க்கவேயில்லை, சோபாவைக் கவிழ்த்தார்.

“அக்கா, முதல்ல கால்களைத் திருத்துவம்.”

“துணிதானே கிழிஞ்சிருக்கு? வேலையைக் கூட்டப் பாக்கிறீங்களோ?”

“முழங்கால் நோவுக்குப் புதுச்சட்டை போட்டாச் சுகம் வருமோ?” என்று சிரித்தபடி ஒரு காலை அசைத்தார். கறையான் தின்ற கால் அவர் கையோடு வந்துவிட்டது.

மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “முதல்ல காலைப் போடுங்கோ, பாஸ்,” என்றேன்.

துணிக்கு வைத்திருந்த காசில் பாஸ் புதுக் கால்கள் போட்டுத் தந்தார். இன்று அதே சோபாவில், அதே பழைய துணியில் பேரன் துள்ளுகிறான். இப்போதெல்லாம் எந்த நாற்காலியானாலும் கவிழ்த்துக் காலை ஆட்டிப் பார்த்த பிறகுதான் துணியைப் பற்றிக் கதைப்பேன். நத்தார் கேக்கில் முதல் துண்டு பாஸுக்குத்தான்.