கம்பியும் கம்பமும்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘கம்பி’. அவள் கணவனுக்கு ‘கம்பம்’. கப்பல்களில் பொருத்தும் ரேடியோ ஆன்டெனாக்களைச் செய்கிற தொழிற்சாலையில் இருவரும் வேலை பார்த்தார்கள். அந்த ஆன்டெனாக்களில் இருப்பது வெறும் கம்பிதான். எவ்வளவு நீளம், எங்கே வளைவு என்பதில்தான் சூட்சுமம். கம்பியை வெட்டுவதற்கு முன்பே, அது அலையை எந்தத் திசையில் எவ்வளவு அனுப்பும் என்று கணினியில் கணக்கிடுவது அவள் வேலை. செய்து முடித்ததைப் பின்பக்க மைதானத்தில் இருந்த இரும்புக் கம்பத்தில் ஏற்றி, சுற்றி வந்து மீட்டரில் அளப்பது அவன் வேலை. அவனுக்குக் கீழே மூன்று பேர்.

அவர்கள் கல்யாணத்துக்கே அந்த மைதானம்தான் காரணம். அவளுடைய எண்ணும் அவனுடைய எண்ணும் ஒத்துப்போனதே இல்லை. “உங்க மீட்டர் பொய் சொல்லுது” என்று அவள் இறங்கி வருவாள். “வெயில்ல வந்து நின்னு பாருங்க, அப்புறம் பேசுங்க” என்பான் அவன். நின்று பார்த்தாள். பேசிப் பேசி, கடைசியில் பதிவு அலுவலகம் வரை போய்விட்டது.

எண்கள் ஒத்துப்போகாததற்குக் காரணம் இருந்தது. கம்பியைச் சிறுசிறு துண்டுகளாக மனதுக்குள் வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஓடும் மின்சாரம் மற்ற எல்லாத் துண்டுகளையும் எப்படிப் பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும். துண்டுகள் கூடினால் விடை சரியாக வரும். ஆனால் துண்டுகளை இரட்டிப்பாக்கினால் வேலை எட்டு மடங்காகும். கணினி நாள் முழுக்க முனகிக்கொண்டு கிடக்கும். அதனால் தோராயமாகப் போட்டுக் கொடுப்பாள். மிச்சத்தை மைதானம் பார்த்துக்கொள்ளும்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு வழி பிடிபட்டது. மாடிக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த கணவனிடம், கிளிப்புகளை வைத்தே விளக்கினாள்.

“இங்க பாருங்க. வளையற இடத்துல, இணைப்புக்குப் பக்கத்துல மட்டும் துண்டு நெருக்கமா இருந்தா போதும். நேரா போற இடத்துல எதுக்கு இத்தனை? அப்புறம், இடது பக்கம் வலது பக்கத்தோட நிழல் மாதிரிதான். ஒரு பக்கம் போட்டா மத்தது தானா வந்துடும்.” தேவையில்லாத கிளிப்புகளைக் கழற்றி வாளியில் போட்டாள்.

“அடிப்பாவி, பாதிக்கு மேல வாளிக்குப் போயிடுச்சே!” என்று அவன் சிரித்தான். அன்று அவனுக்கு உண்மையிலேயே பெருமைதான். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னான்.

புதிய முறையில் கணக்கு, ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்தது. விடையும் துல்லியமாக இருந்தது. மேலாளர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

“பிரமாதம் மேடம். இதை நம்பி நேரா தயாரிப்புக்குப் போயிடலாமா? நடுவுல மைதானம் வேணுமா?”

கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. “ஒரு தடவை அளந்து பாத்துடலாம் சார்” என்றாள். தள்ளிப்போட அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அளக்கும் நாளில் மேலாளரே மைதானத்துக்கு வந்தார். என்ன நடக்கிறது என்று, அவள் சொல்லாமலே, அலுவலகப் பேச்சிலிருந்து கணவனுக்கும் தெரிந்திருந்தது. அவனே கம்பத்தில் ஏறி ஆன்டெனாவைக் கட்டினான். இணைப்புகளைத் துடைத்தான். மீட்டரோடு ஒரு சுற்று வந்தான். எண்ணைப் பார்த்தான். கேபிளை மாற்றிவிட்டு இன்னொரு சுற்று வந்தான். அவள் கையிலிருந்த தாளில் கணினி வரைந்த கோடு இருந்தது. எங்கேயாவது பிசகிவிடாதா என்று அவள் வேண்டிக்கொண்டாள். தன் கணக்கு தப்பாகப் போக வேண்டும் என்று அதற்கு முன் அவள் ஆசைப்பட்டதே இல்லை. அவன் ஒரு எண்ணை மாற்றிச் சொன்னாலும் கண்டுபிடிக்க அங்கே ஆள் இல்லை, அவளைத் தவிர.

அவன் மாற்றவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். எல்லாம் கோட்டின்மேல் உட்கார்ந்தன. “சரியா இருக்கு சார்” என்று அவனே சொன்னான். அவளைப் பார்க்கவில்லை.

அளவைப் பிரிவு மூடப்பட்டது. அவனும் அந்த மூன்று பேரும் வெளியே. கம்பத்தை அறுத்து எடுத்துவிட்டு, மைதானத்தில் கார் நிறுத்தக் கோடு போட்டார்கள். அவள் மேலாளரிடம் போய் மன்றாடிப் பார்த்தாள். “உங்க வீட்டுலயாவது இன்னொருத்தருக்கு வேலை இருக்கு மேடம். அந்த மூணு பேரை நெனச்சுப் பாருங்க” என்றார் அவர், ஏதோ அவள்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பியது போல.

“நானும் வேலைய விட்டுடறேன்” என்று வீட்டில் சொன்னாள்.

“எதுக்கு? பாப்பாவுக்கு யார் ஃபீஸ் கட்டறது?” தட்டைக் கழுவிக்கொண்டே அவன் சொன்னான். “நேரா போற இடத்துல துண்டு எதுக்குன்னு கேட்டியே. நான் நேராத்தான் போயிட்டிருந்தேன்.”

“தெரிஞ்சா பண்ணேன்?”

“தெரியலதான். ஆனா அந்த அறையில, அவர் கேட்டப்போ தெரிஞ்சிருக்கும். அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

அவள் கழுவிய தட்டுகளை வாங்கித் துடைத்து அடுக்கினாள்.

வேறு ஊரில் செல்போன் கோபுரங்களில் ஏறும் வேலைக்கு அவன் போனான். “என்ன, கம்பம் கம்பி நீட்டிடுச்சா?” என்று அலுவலகத்தில் யாரோ கேட்டார்கள். அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக வெகுநாள் தன்னையே வெறுத்தாள்.

முதலில் மாதம் தவறாமல் வந்தான். பிறகு பள்ளி விடுமுறைகளுக்கு மட்டும். வந்தால் மகளோடு பேசுவான், குழாயைச் சரிசெய்வான், அவளிடம் மரியாதையாக நடந்துகொள்வான். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒருநாள் போனில், “நானும் பாப்பாவும் அங்கேயே வந்துடட்டுமா?” என்று கேட்டாள்.

“இங்க வந்து என்ன பண்ணுவ? வேலையில இருக்கறவங்கள்ல பாதிப் பேரை வேண்டாம்னு கணக்குப் போட்டுக் காட்டுவ.” உடனே, “சும்மா சொன்னேன்” என்றான்.

“தெரியும்” என்றாள்.

மகளிடம் போனைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அப்பாவும் மகளும் நெடுநேரம் பேசினார்கள். திரும்பப் போன் அவள் கைக்கு வந்தபோது இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. அவள் மறுபடி கூப்பிடவில்லை. வந்துவிடலாமா என்று அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை.